முப்பத்தொரு சென்ட்

வங்கியில் முதல்முறையாகக் கணக்குத் தொடங்க வருகிறவர்களின் கையை எனக்கு நன்றாகத் தெரியும். முப்பத்திரண்டு வருஷ வேலையில் பாதிக்கு மேல் கேஷ் கவுன்ட்டரில் இருந்தவள் நான். பணத்தை உள்ளே நீட்டிய பிறகும் அவர்கள் விரல் அதன்மேல் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருக்கும். கம்பிக்கு இந்தப் பக்கம் இருக்கும் நம் முகத்தை ஒருதரம் நிமிர்ந்து பார்ப்பார்கள். அப்புறம்தான் விரலை எடுப்பார்கள்.

மகள் குடும்பம் அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலத் தலைநகரான ரிச்மண்டின் புறநகரில் இருக்கிறது. பேத்தியைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த நாட்களில் ஒருநாள், "நீ கட்டாயம் பார்க்கணும்மா, உன் தொழில் சம்பந்தப்பட்ட இடம்" என்று மகள் என்னை ஜாக்ஸன் வார்டு என்ற பகுதிக்குக் கூட்டிப்போனாள். மேகி லீனா வாக்கர் என்ற பெண்மணி வாழ்ந்த வீடு அங்கே இருக்கிறது. அமெரிக்க தேசியப் பூங்காத் துறை அதை நினைவிடமாக வைத்துக் காக்கிறது. அவர் தொடங்கிய செயின்ட் லூக் பென்னி சேவிங்ஸ் பேங்க் 1903 நவம்பர் 2ஆம் தேதி கதவைத் திறந்தது. அன்று ஒரே நாளில் 280 பேர் வந்து எட்டாயிரம் டாலருக்கு மேல் போட்டார்கள். அவர்களில் ஒருவர் போட்ட தொகை 31 சென்ட்.

அதைக் கேட்டதும் நான் அங்கேயே நின்றுவிட்டேன். அந்தக் கையை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அன்றைய ரிச்மண்டில் ஒரு கறுப்பினத்தவர் வங்கி கவுன்ட்டரில் முப்பத்தொரு சென்ட்டை வைத்துவிட்டு விரலை எடுப்பதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்தது என்பது, அதற்குப் பிறகு நான் படித்தபோதுதான் புரிந்தது.

உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்த 1865இலேயே, விடுதலை பெற்றவர்களுக்கென்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் அனுமதியோடு ஃப்ரீட்மென்ஸ் பேங்க் என்ற சேமிப்பு வங்கி தொடங்கப்பட்டது. சம்பளம் என்ற ஒன்றை வாழ்நாளில் முதல்தடவையாகக் கையில் வாங்கியவர்கள் அதைக் கொண்டுபோய் அங்கே போட்டார்கள். அரசாங்கமே பொறுப்பு என்று நம்பித்தான் போட்டார்கள். நிர்வாகத்தில் இருந்தவர்கள் அந்தப் பணத்தைத் தகுதியில்லாத கடன்களாக வாரிக் கொடுத்தார்கள். 1874இல் வங்கி மூடப்பட்டது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பணம், ஏறக்குறைய முப்பது லட்சம் டாலர், உள்ளே மாட்டிக்கொண்டது. பலருக்குப் பாதிகூடத் திரும்பவில்லை, பலருக்கு ஒன்றுமே வரவில்லை. வங்கி என்ற சொல்லைக் கேட்டாலே வயிறு எரிகிற ஒரு தலைமுறை அதோடு உருவாயிற்று.

அப்படியானால் பணத்தை எங்கே வைப்பது? ட்ரூ ரிஃபார்மர்ஸ் என்ற கறுப்பினச் சங்கம் ஒன்று ரிச்மண்டைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்து வந்தது. ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்த வில்லியம் வாஷிங்டன் பிரௌன் அதன் தலைவர். சங்கத்தின் கிளை ஒன்று தன் பணத்தை ஒரு வெள்ளைக்கார வியாபாரியிடம் கொடுத்து வைத்திருந்தது. இவர்களிடம் இவ்வளவு பணம் சேர்ந்திருக்கிறது என்ற செய்தி அவர் வழியாக வெளியே போய்விட்டது. ஊர் வெள்ளையர்கள் கலங்கிப்போனார்கள். சங்கத்தையே கலைத்துவிட வேண்டும் என்று பேச்சு கிளம்பியது. நம் இருப்பு எவ்வளவு என்பது நமக்கு மட்டுமே தெரிய வேண்டும், அதற்கு நம் லெட்ஜரை நாமே எழுத வேண்டும் என்ற முடிவுக்கு பிரௌன் வந்தார். 1888இல் உரிமம் வாங்கி மறுவருஷம் வங்கியைத் திறந்தார். 1893இல் நாடெங்கும் பணமுடை வந்து ரிச்மண்டின் பெரிய வங்கிகள் பணம் தர முடியாமல் கையை விரித்தபோது, இந்த வங்கி கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தது.

இந்த ஜாக்ஸன் வார்டு என்ற பெயரிலேயே ஒரு சூழ்ச்சி இருக்கிறது. கறுப்பினத்தவர்களுக்கு வாக்குரிமை வந்ததும், அவர்கள் நகரம் முழுக்கப் பரவி வெற்றி பெற்றுவிடக் கூடாது என்று 1871இல் கோணல்மாணலாக எல்லை வரைந்து, கறுப்பின வாக்காளர்களை முடிந்தவரை ஒரே வார்டுக்குள் அடைத்தார்கள். அந்த வார்டிலிருந்தும் கறுப்பினத்தவர்கள் நகர்மன்றத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். ரிச்மண்ட் பிளானெட் பத்திரிகையின் ஆசிரியர் ஜான் மிட்செல் அவர்களில் ஒருவர். பிறகு 1902இல் மாநிலம் புது அரசியல் சட்டம் எழுதியது. வாக்களிக்க வரி கட்ட வேண்டும், பதிவு அதிகாரியின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று ஒன்றன்மேல் ஒன்றாக முட்டுக்கட்டைகள். கறுப்பினத்தவர்களில் பெரும்பாலானோர் வாக்கை இழந்தார்கள். 1903இல் வார்டு எல்லைகளைத் திருத்தி ஜாக்ஸன் வார்டையே வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். பெயர் மட்டும் மக்கள் வாயில் தங்கிவிட்டது. வார்டு பறிபோன அதே வருஷத்தில்தான் மேகி வாக்கரின் வங்கி திறந்தது என்பதை நான் சும்மா கடந்துபோக முடியாது. மன்றத்தில் உட்கார நாற்காலி இல்லையென்று ஆனபோது, அந்தத் தெருக்காரர்கள் கவுன்ட்டர் போட்டு உட்கார்ந்தார்கள்.

வெளியே கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டு வந்த காலம் அது. தனித்தனியாக வைத்தாலும் சமம்தான் என்று 1896இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. வெள்ளையர் கடைகளில் கறுப்பினப் பெண் தொப்பியைத் தலையில் வைத்துப் பார்த்து வாங்க முடியாது. பெரிய இன்சூரன்ஸ் கம்பெனிகள் அவர்களிடம் அதே பிரீமியம் வாங்கிக்கொண்டு குறைந்த தொகை கொடுத்தன, அல்லது பாலிசியே தர மறுத்தன. ஆகவே, வாரம் சில சென்ட் கட்டினால் நோய்க்கும் அடக்கச் செலவுக்கும் உதவும் சங்கங்களை அவர்களே வைத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்துக் கறுப்பினக் கடைவீதிகள் பலவற்றின் வேரைத் தோண்டிப் பார்த்தால் இப்படி ஒரு சங்கம்தான் தட்டுப்படுகிறது. வீட்டில் ஒரு சாவு விழுந்தால் கௌரவமாக எடுத்துப்போட வேண்டுமே என்ற கவலையில் சேர்ந்த காசு அது.

மேகி சேர்ந்ததும் அப்படி ஒரு சங்கத்தில்தான். பெயர் இண்டிபெண்டன்ட் ஆர்டர் ஆஃப் செயின்ட் லூக். சேர்ந்தபோது அவருக்கு வயது 14.

அவர் அம்மா எலிசபெத் அடிமையாக இருந்தவர், பிறகு ஒரு பெரிய மாளிகையில் சமையல் உதவிக்கு இருந்தார். வளர்ப்புத் தந்தை ஓட்டல் ஒன்றில் தலைமைப் பரிசாரகர். 1876இல் அவர் உடல் ஜேம்ஸ் ஆற்றில் கிடைத்தது. தற்கொலை என்று அதிகாரிகள் எழுதிவிட்டார்கள், கொலை என்றுதான் குடும்பம் நம்பியது. அதன் பிறகு அம்மா வெள்ளையர் வீட்டுத் துணிகளை வெளுத்துப் பிழைத்தார். வெளுத்த துணியைக் கூடையில் வைத்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது சிறுமி மேகியின் வேலை. தான் வெள்ளிக் கரண்டியோடு பிறக்கவில்லை, தலையில் துணிக்கூடையோடு பிறந்தவள் என்று பிற்காலத்தில் அவரே மேடையில் சொல்லியிருக்கிறார். பேச்சுக்காகச் சொன்னதாக எனக்குப் படவில்லை. பின்வாசலில் நின்று கூலியை எண்ணி வாங்கிய பிள்ளைக்கு ஐந்து சென்ட்டின் எடை தெரியும்.

1883இல் படிப்பை முடித்தார். வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு நகரத்தின் நாடக அரங்கில் பட்டமளிப்பு நடந்தது, இவர்களுக்கு மட்டும் வேறு இடம் என்றார்கள். மேகியின் வகுப்பு எதிர்த்து நின்றது. அரங்கைத் தருகிறோம், ஆனால் உங்கள் ஆட்கள் தனியாக உட்கார வேண்டும் என்றபோது அதையும் மறுத்து, தங்கள் பள்ளியிலேயே விழாவை முடித்துக்கொண்டார்கள். மூன்று வருஷம் ஆசிரியை வேலை. திருமணமான பெண் ஆசிரியையாக இருக்கக் கூடாது என்பது அன்றைய விதி, ஆகவே 1886இல் கல்யாணத்தோடு வேலை போயிற்று. சங்கம் கிடைத்தது. 1899இல் அதன் தலைமைச் செயலாளர் பொறுப்பு அவர் கைக்கு வந்தபோது கஜானாவில் இருந்தது 31 டாலர் 61 சென்ட். கடன் 400 டாலர். நான் பொறுப்பேற்ற எந்தக் கிளையிலும் இப்படி ஒரு கையிருப்பைக் கண்டதில்லை.

இரண்டு வருஷம் கழித்து, 1901 ஆகஸ்ட் 20ஆம் தேதி, சங்கக் கூட்டத்தில் அவர் எழுந்து நமக்கு ஒரு பத்திரிகை வேண்டும், ஒரு கடை வேண்டும், ஒரு வங்கி வேண்டும் என்றார். நிக்கல்களை வாங்கி டாலர்களாக்குகிற வங்கி. நிக்கல் என்பது ஐந்து சென்ட் காசு.

இந்த இடத்தில் என் மனசில் கிடக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பூக்கட்டி விற்கும் அம்மா ஒருவர் சனிக்கிழமைதோறும் சுருக்குப்பை நிறையச் சில்லறை கொண்டுவருவார். ஈரப்பூ வாசனையோடு அந்தக் காசு என் மேஜையில் கொட்டும். "இதை எண்ணிக்கிட்டு உக்காந்திருந்தா மத்த வேலையை யாரு பாக்குறது? நோட்டா மாத்திக்கிட்டு வரச் சொல்லும்மா" என்று மேலதிகாரி சத்தம் போட்டார். நானும் அந்த அம்மாவிடம் அப்படியே சொன்னேன். "சரி தாயி" என்று பையைச் சுருக்கி இடுப்பில் செருகிக்கொண்டு போனவர் அப்புறம் வரவே இல்லை. ரிச்மண்டில் அந்த நிக்கல் பேச்சைக் கேட்டபோது எனக்கு அந்த அம்மாவின் முகம்தான் முன்னால் வந்தது. ஒரு வங்கி, நாங்கள் திருப்பி அனுப்பிய அந்தக் காசுக்காகவே தொடங்கப்பட்டிருக்கிறது.

வங்கி நடத்துவதை மேகி வாக்கர் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. நகரத்து வெள்ளையர் வங்கி ஒன்றில் சில மாதங்கள் போய் உட்கார்ந்து வேலை நடப்பதைக் கவனித்தார். அமெரிக்காவில் ஒரு வங்கிக்கு உரிமம் வாங்கித் தலைமை ஏற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான். குழந்தைகளுக்குச் சின்ன அட்டை உண்டியல்களைக் கொடுத்தார். நூறு பென்னி சேர்ந்ததும் எடுத்து வந்தால் ஒரு டாலரில் கணக்கு. பெரியவர்களில் அவர் குறிவைத்தது துணி வெளுப்பவர்களையும் வீட்டுவேலை செய்பவர்களையும் புகையிலைத் தொழிற்சாலைப் பெண்களையும்தான். சங்க அலுவலகத்தின் பழைய புகைப்படங்களில் வரிசையாக மேஜைகள், தட்டச்சு இயந்திரங்கள், வெள்ளைச் சட்டையும் நீளப் பாவாடையுமாகப் பெண்கள். வீட்டுவேலையும் தொழிற்சாலை வேலையும் தவிர வேறு வேலை அரிதாக இருந்த ஊரில் அந்தப் பெண்கள் கணக்கு எழுதிச் சம்பளம் வாங்கினார்கள்.

அவர் சொன்ன கதை ஒன்று. ஒரு காலை இழந்த, ஷூ பாலிஷ் போடும் பையன் ஒருவன். சேமிப்பு உண்டியல் அவன் கைக்கும் போயிற்று. ஐம்பது டாலர் சேர்ந்ததும் மூன்று நாற்காலி போட்டு ஒரு சின்னக் கடை பிடிக்க வங்கி உதவியது. ஏழு வருஷத்தில் பன்னிரண்டு நாற்காலி. தன் அம்மாவுக்கு 1,900 டாலரில் கடனில்லாமல் ஒரு வீடு.

ஒரு கடைவீதி எப்படி எழுந்தது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. துணி வெளுப்பவர் சனிக்கிழமை போட்ட காசு ஒரு கொத்தனாருக்கு வீட்டுக்கடனாகப் போகும். கொத்தனார் செகண்ட் ஸ்ட்ரீட்டில் மளிகை வாங்குவார். மளிகைக்காரர் திங்கட்கிழமை கல்லாவைக் கட்டி அதே கவுன்ட்டருக்கு வருவார். 1920 வாக்கில் ஏறக்குறைய 600 கறுப்பினக் குடும்பங்கள் வீடு வாங்க இந்த வங்கி உதவியிருந்தது. வெள்ளையர் வங்கிகள் அவர்களுக்கு வீட்டுக்கடன் கொடுக்க முன்வராத காலத்தில்.

செகண்ட் ஸ்ட்ரீட்டை அந்த மக்கள் செல்லமாக 'டியூஸ்' என்பார்கள். முடிதிருத்தகம், தையல்கடை, மருந்துக்கடை, டாக்டர், வக்கீல், ஈமச்சடங்கு நிலையம். 1914இல் ஹிப்போட்ரோம் தியேட்டர் வந்தது. ஊர் ஊராகப் போகும் பெரிய கறுப்பினப் பாடகர்களுக்குக்கூட வெள்ளையர் ஓட்டலில் அறை கிடையாது, அவர்கள் வந்து தங்கியது எக்ல்ஸ்டன் ஓட்டலில். இதே காலத்தில் டர்ஹாம் நகரத்தில் ஜான் மெரிக் என்ற முடிதிருத்துபவரும் ஆரன் மூர் என்ற மருத்துவரும் முன்னின்று 1898இல் தொடங்கிய இன்சூரன்ஸ் கம்பெனியைச் சுற்றி ஒரு வீதி எழுந்தது. அட்லாண்டாவில் ஆபர்ன் அவென்யூ. அங்கும் பெரும் இன்சூரன்ஸ் கம்பெனியைக் கட்டிய அலான்ஸோ ஹெர்ன்டன் அடிமையாகப் பிறந்து முடிதிருத்தும் தொழிலில் முன்னேறியவர். டல்சா நகரத்தின் கிரீன்வுட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1921இல் வெள்ளையர் கும்பல் ஒன்று இரண்டே நாளில் 35 தெருப்பகுதிகளை எரித்து நாசம் செய்தது. இன்சூரன்ஸ் இருந்தவர்களுக்கும், கலவரத்துக்குப் பொறுப்பில்லை என்று பணம் மறுக்கப்பட்டது.

ரிச்மண்டில் தீ வைக்கவில்லை. வேறு வழிகள் இருந்தன. 1904இல் டிராம் வண்டியில் நடத்துநர் கைகாட்டிய இடத்தில்தான் உட்கார வேண்டும் என்று கம்பெனி உத்தரவு போட்டது. மிட்செலும் மேகி வாக்கரும் நடந்தே போகச் சொன்னார்கள், மக்கள் நடந்தார்கள். ஏற்கெனவே நொடித்திருந்த கம்பெனி அந்த வருஷமே திவாலானது. ஆனால் 1906இல் மாநிலம் அந்தப் பாகுபாட்டைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது.

1905இல் பிராட் தெருவில் மேகி வாக்கர் திறந்த செயின்ட் லூக் எம்போரியம் என்ற துணிக்கடையின் கதைதான் என்னை மிகவும் வாட்டியது. பிராட் தெரு வெள்ளையர்களின் பெரிய கடைத்தெரு. கட்டடத்தை வாங்கியது யார் என்று தெரிந்ததும், கொடுத்த விலைக்கு மேலேயே தருகிறோம், விட்டுவிடுங்கள் என்று ஆள் வந்தது. அவர் விடவில்லை. வெள்ளை வியாபாரிகள் தனிச் சங்கம் அமைத்து, எம்போரியத்துக்குச் சரக்குப் போட்டால் உங்களிடம் நாங்கள் வாங்க மாட்டோம் என்று மொத்த வியாபாரிகளை மிரட்டினார்கள். அதையும் தாங்கியிருக்கலாம். தன் மக்களே எதிர்க்கடைக்குப் போனதுதான் அவரைத் தளர்த்தியது. நாம் அங்கே கொடுக்கும் ஒவ்வொரு காசும் நம்மைக் கடிக்க வரும் சிங்கத்துக்கு நாமே போடும் தீனி என்று மேடையில் கெஞ்சினார். சில வருஷங்களில் கடை மூடப்பட்டது. அந்த மக்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சரக்கு வராத கடையில் விலை கூடத்தான் இருந்திருக்கும். வாரக்கூலி வாங்குகிறவர் இரண்டு சென்ட் மலிவு எங்கே என்றுதான் பார்ப்பார்.

எல்லாமே வெளியிலிருந்து வந்த இடி என்றும் சொல்ல முடியாது. 1893இல் தலைநிமிர்ந்து நின்ற ட்ரூ ரிஃபார்மர்ஸ் வங்கி 1910இல் விழுந்தது. சொந்தத் தொழில்களுக்கே ஈடில்லாமல் கடன் கொடுத்திருந்தார்கள், கேஷியரே கையாடியிருந்தார். ஒரு கேஷியராக இதை எழுதவே கசக்கிறது. 1874இல் ஒருமுறை ஏமாந்தவர்களின் பிள்ளைகள் மறுபடி ஏமாந்தார்கள். மிட்செல் நடத்திய வங்கியும் 1922இல் மூடியது. மேகி வாக்கரின் வங்கி தப்பியது. பெருமந்தம் வந்தபோது மற்ற கறுப்பின வங்கிகளோடு அதை இணைத்து கன்சாலிடேட்டட் பேங்க் அண்ட் டிரஸ்ட் என்று ஆக்கினார். அப்போது அவர் சக்கர நாற்காலியில் இருந்தார். கணவர் 1915இல் இறந்திருந்தார், இருட்டில் திருடன் என்று நினைத்து மகனே சுட்டுவிட்ட கொடுமை. மேகி வாக்கருக்காக வீட்டில் பொருத்திய லிஃப்டை இன்றும் பார்க்கலாம். 1934 டிசம்பரில் காலமாகும் வரை வங்கிப் பொறுப்பை விடவில்லை. அந்த வங்கி கறுப்பினத்தவர் கையிலேயே 2005 வரை இருந்தது.

அந்த வீட்டிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம் நடந்தோம். தெரு சட்டென்று முடிந்து வேலி வந்தது. கீழே பள்ளத்தில் நெடுஞ்சாலை, லாரிகள் இரைந்துகொண்டு போயின. இப்படியொரு சாலை வேண்டாம் என்று நகர மக்கள் இரண்டு முறை வாக்களித்திருந்தார்கள். மாநிலம் தனி ஆணையம் அமைத்துக் கட்டியது, 1958இல் திறந்தது. ஜாக்ஸன் வார்டை இரண்டாகப் பிளந்துகொண்டு நூற்றுக்கணக்கான வீடுகளை இடித்துவிட்டுப் போனது அந்தச் சாலை. அந்த வீடுகளில் எத்தனை, நிக்கல் நிக்கலாகக் கட்டி முடித்த வீட்டுக்கடன்களோ. ஒரு தேவாலயம் மட்டும் அதன் விளிம்பில் நிற்கிறது, சிக்ஸ்த் மவுண்ட் ஸயன். அடிமையாகப் பிறந்து பெரும் பிரசங்கியான ஜான் ஜாஸ்பரின் தேவாலயம். சாலை அந்த இடத்தில் மட்டும் வளைந்து ஒதுங்கிப் போகிறது. பிறகு 1964இல் நிறப் பாகுபாடு சட்டப்படி ஒழிந்தது. எந்தக் கடைக்கும் எந்த ஓட்டலுக்கும் போகலாம் என்று ஆனபோது மக்கள் போனார்கள், போக வேண்டியதுதானே. பாதியாகிவிட்ட கடைவீதியிலிருந்து மீதி வாடிக்கையும் கரைந்தது.

திரும்பும் வழியில் பிராட் தெரு முனையில் மேகி வாக்கரின் வெண்கலச் சிலையைப் பார்த்தோம். 2017இல் வைத்தது. சட்டையில் குத்திய மூக்குக்கண்ணாடி, கையில் செக் புத்தகம். எம்போரியம் இருந்த அதே தெரு.

அன்று ராத்திரி பேத்தி தன் உண்டியலைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் கொட்டினாள். "அம்மாச்சி, அந்த முப்பத்தொரு சென்ட்டை நான் எண்ணட்டுமா?" ஒரு குவார்ட்டர், ஒரு நிக்கல், ஒரு பென்னி. மூன்றே காசு. போதாது என்று தோன்றியதோ என்னவோ, அவளே அதைக் கலைத்துவிட்டு முப்பத்தொரு பென்னியாக எண்ணத் தொடங்கினாள். ஐந்தைந்தாக அடுக்கினாள், கடைசியில் ஒன்று மிஞ்சியது. எனக்குப் பழகிய வேலை, நானும் உட்கார்ந்து மறுபடி ஒருதரம் எண்ணினேன். கணக்கு சரியாக இருந்தது.